18.8 கோடி டாலர் ஒப்பந்தம்: இதில் எவ்வளவு நிஜம்? என்எஃப்எல் நட்சத்திரங்களின் சம்பளப் பேரம் நடப்பது எப்படி?

2025 ஆகஸ்ட் 28. அமெரிக்க கால்பந்து லீக்கான என்எஃப்எல் சீசன் தொடங்க சரியாக ஒரு வாரம் இருந்தது. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி, தன்னிடம் இருந்த மிகச்சிறந்த தடுப்பாட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது, கென்னி கிளார்க் என்ற வீரரும் 2026, 2027 டிராஃப்டுகளின் முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளும்.

பேக்கர்ஸ் அவருடன் போட்ட ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்கு 18.8 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் சுமார் 1,600 கோடி ரூபாய். ஆண்டுக்கு சராசரி 4.7 கோடி டாலர். குவார்ட்டர்பேக் அல்லாத எந்த வீரரும் அதுவரை இவ்வளவு வாங்கியதில்லை.

கேட்டால் தலை சுற்றும். ஆனால் கையெழுத்திட்ட நாளில் முழு உத்தரவாதத்துடன் இருந்தது 12 கோடி டாலர்தான். நம்ம ஊர் ஆஃபர் லெட்டரில் சிடிசி ஒன்று, மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறொன்று என்று இருக்குமே, கிட்டத்தட்ட அதே கதை. ஒரு வித்தியாசம்: இங்கே இடைவெளி கோடிகளில் இருக்கிறது, ஒரே ஒரு காயம் அதைத் தீர்மானித்துவிடும்.

உலகின் அதிக வருமானம் ஈட்டும் விளையாட்டு லீக்கில் சூப்பர் ஸ்டார்கள் எப்படிப் பேரம் பேசுகிறார்கள்? அணிகளின் கையில் என்ன ஆயுதம் இருக்கிறது? 'சேலரி கேப்' இதில் எங்கே வருகிறது? விரிவாகப் பார்ப்போம்.

சேலரி கேப் என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஓர் அணி ஒரு சீசனில் வீரர்களின் சம்பளக் கணக்கில் காட்டக்கூடிய உச்சவரம்பு. மொத்தம் 32 அணிகள். எல்லாருக்கும் ஒரே வரம்பு. உரிமையாளர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

இந்த வரம்பு யாரோ மனம்போல வைத்த எண் இல்லை. டிவி உரிமம், டிக்கெட், ஸ்பான்சர் என லீக்குக்கு வரும் வருமானத்தில் சுமார் 48% வீரர்களுக்கு என்பது, அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் 2020-ல் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை. அந்தப் பங்கிலிருந்துதான் கேப் கணக்கிடப்படுகிறது. 2030 சீசன் வரை இந்த ஒப்பந்தம் செல்லும்.

வருமானம் ஏறினால் கேப் ஏறும், இறங்கினால் இறங்கும்:

- 1994 (முதல் ஆண்டு): 3.46 கோடி டாலர்
- 2020: 19.82 கோடி டாலர்
- 2021: 18.25 கோடி டாலர் (கொரோனாவால் காலி மைதானங்கள்)
- 2023: 22.48 கோடி டாலர்
- 2024: 25.54 கோடி டாலர்
- 2025: 27.92 கோடி டாலர்

2021-லிருந்து நான்கே ஆண்டுகளில் 53% உயர்வு. முக்கியக் காரணம், 2021-ல் அறிவிக்கப்பட்ட 11 ஆண்டு டிவி ஒப்பந்தங்கள். அவற்றின் மதிப்பு சுமார் 11,000 கோடி டாலர். இந்த ஏறுமுகத்தை மனதில் வையுங்கள். பேரத்தின் பாதி சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

ஐபிஎல் 'பர்ஸ்' மாதிரிதானே?

பாதி ஆமாம், பாதி இல்லை. 2025 ஐபிஎல் மெகா ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய் பர்ஸ். ரிஷப் பந்தை 27 கோடிக்கு லக்னோ எடுத்தபோது, அந்த 27 கோடியும் அப்போதே பர்ஸிலிருந்து கழிந்தது. கணக்கு முடிந்தது.

என்எஃப்எல்லில் அப்படியில்லை. வீரரின் வங்கிக் கணக்கில் விழும் பணம் ஒன்று, அந்த ஆண்டு அணியின் கேப்பில் ஏறும் தொகை வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஏஜென்ட்களும் அணி மேலாளர்களும் பிழைக்கிறார்கள்.

பணம் இன்று, கணக்கு நாளை: அது எப்படி?

'சைனிங் போனஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது விடை. கையெழுத்திட்டதற்காகக் கொடுக்கும் இந்தத் தொகை வீரருக்கு உறுதியான பணம். ஆனால் கேப் கணக்கில் அதை ஒப்பந்தக் காலம் முழுக்க, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு, சமமாகப் பிரித்துக் காட்டலாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரருக்கு 5 ஆண்டுகள், மொத்தம் 16 கோடி டாலர். இதில் போனஸ் 5 கோடி. மீதி அடிப்படைச் சம்பளம்: முதல் ஆண்டு 20 லட்சம், பிறகு 1.8 கோடி, 2.5 கோடி, 3 கோடி, 3.5 கோடி. இந்த அடிப்படைச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆண்டில் வீரர் கைக்கு வருவது 5.2 கோடி. கேப்பில் ஏறுவதோ 1.2 கோடி மட்டும் (போனஸில் ஐந்தில் ஒரு பங்கு 1 கோடி + சம்பளம் 20 லட்சம்). அடுத்தடுத்த ஆண்டுகளில் கேப் சுமை 2.8, 3.5, 4, 4.5 கோடி என ஏறிக்கொண்டே போகும்.

இப்போது அந்த வீரரை நடுவில் கழற்றிவிட அணி நினைக்கிறது. கேப்பில் இன்னும் காட்டாத போனஸ் மொத்தமும் உடனே கணக்கில் ஏறும். இதற்குப் பெயர் 'டெட் மணி'. ஆள் இல்லை, சுமை மட்டும் இருக்கிறது.

- முதல் ஆண்டு முடிந்ததும் நீக்கினால்: டெட் மணி 4 கோடி. வைத்திருந்தால் சுமை 2.8 கோடிதான். நீக்குவதால் 1.2 கோடி நஷ்டம்.
- இரண்டாம் ஆண்டு முடிந்து நீக்கினால்: டெட் மணி 3 கோடி, வைத்திருந்தால் 3.5 கோடி. 50 லட்சம் மிச்சம்.
- மூன்றாம் ஆண்டு முடிந்து நீக்கினால்: டெட் மணி 2 கோடி, வைத்திருந்தால் 4 கோடி. 2 கோடி மிச்சம்.

முதல் இரண்டு ஆண்டுகள் வீரர் பத்திரமாக இருக்கிறார். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு அணியின் கை ஓங்குகிறது. அப்போது நீக்கப்பட்டால் அவர் மொத்தம் பெற்றது 9.5 கோடி. தலைப்புச் செய்தியில் வந்த 16 கோடி வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

அணிகள் வேறு என்னென்ன செய்கின்றன?

இந்த ஆண்டு இடம் போதவில்லையா? ஸ்டாரின் அடிப்படைச் சம்பளத்தை போனஸாக மாற்றி, வரும் ஆண்டுகளுக்குப் பரப்பிவிடுவார்கள். இதுதான் 'ரீஸ்ட்ரக்சர்'. வீரருக்கு நஷ்டமில்லை, பணம் முன்கூட்டியே வரும். ஆண்டுகள் போதாவிட்டால், ஆடவே போகாத பொய் ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்ப்பார்கள். இவை 'வாய்டு' ஆண்டுகள். கடனட்டையில் இஎம்ஐ போடுவது போலத்தான். பில் ஒருநாள் வரும்.

அந்த பில் எப்படி இருக்கும் என்பதற்கு டென்வர் பிராங்கோஸ் சாட்சி. 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை நீக்கியபோது அணியின் தலையில் விழுந்த டெட் மணி 8.5 கோடி டாலர். லீக் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு. ஜூன் 1 விதி என்ற சலுகையில் அதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தார்கள்: 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி. வில்சனோ பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் போய் அனுபவ வீரருக்கான குறைந்தபட்ச சம்பளமான 12.1 லட்சம் டாலருக்கு ஆடினார். அவருக்கு வரவேண்டிய மீதியை டென்வர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

பேரத்தில் அணியின் ஆயுதங்கள் என்ன?

முதலாவது, புதுமுக சம்பள அட்டவணை. 2010-ல் டிராஃப்டின் முதல் வீரரான சாம் பிராட்ஃபோர்டுக்குக் கிடைத்தது 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த ஆண்டே விதி மாறியது. 2011-ன் முதல் வீரர் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்கு சுமார் 2.2 கோடி மட்டும். இன்றும் டிராஃப்டில் வருபவருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம். மூன்று சீசன் முடியும் வரை மறுபேச்சே கிடையாது. முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாம் ஆண்டையும் அணியே தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம்.

இதன் பலன் யாருக்கு? சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் பிராக் பர்டி, 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது தேர்வு. 2023 சீசனில் அவர் அணியை சூப்பர் பவுல் வரை கூட்டிச்சென்றபோது அவரது சம்பளம் 8.7 லட்சம் டாலர். மொத்த கேப்பில் அரை சதவீதம்கூட இல்லை. மிச்சமான பணத்தில் அணி மற்ற நட்சத்திரங்களை வைத்திருந்தது. 2025 மே மாதம்தான் அவருக்கு விடிந்தது: 5 ஆண்டுகள், 26.5 கோடி டாலர்.

இரண்டாவது, 'ஃபிரான்சைஸ் டேக்'. ஒப்பந்தம் முடிந்தாலும் ஒரு வீரரை ஓராண்டுக்குக் கட்டிப்போடும் உரிமை. ஆண்டுக்கு ஓர் அணி ஒருவருக்கே இதைப் பயன்படுத்தலாம். அவருடைய பொசிஷனில் உச்ச சம்பளம் வாங்கும் ஐந்து பேரை அடிப்படையாக வைத்து தொகை கணக்கிடப்படும். அல்லது அவரது முந்தைய சம்பளத்தின் 120%, எது அதிகமோ அது. நல்ல பணம்தான். ஆனால் ஓராண்டுக்கு மட்டும். அந்த ஆண்டில் கால் உடைந்தால்?

மூன்றாவது, காலம். ஒரு வீரரின் சராசரி ஆட்டக்காலம் சுமார் 3.3 ஆண்டுகள் என்கிறது வீரர்கள் சங்கம். அணி காத்திருக்கலாம். வீரரின் முழங்கால் காத்திருக்காது.

வீரர் கையில் என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் பயிற்சி முகாமுக்கே வராமல் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். 2020 ஒப்பந்தம் இதற்குக் கடிவாளம் போட்டது. புதுமுக ஒப்பந்தத்தைத் தாண்டியவர் முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 50,000 டாலர் அபராதம். அணியே நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது.

அதனால் வந்தது 'ஹோல்டு-இன்'. முகாமுக்கு வருவார், மீட்டிங்கில் உட்காருவார், களத்தில் மட்டும் இறங்கமாட்டார். முதுகு வலி, தொடை இறுக்கம் என ஏதாவது காரணம் இருக்கும். ஆஃபீஸுக்கு வந்து லாகின் செய்துவிட்டு வேலையைத் தொடாமல் இருப்பது மாதிரி. அபராதம் இல்லை, அழுத்தம் உண்டு.

மற்றவை: வேறு அணிக்கு மாற்றச்சொல்லி பகிரங்கமாகக் கேட்பது, 'இனி என்மேல் டேக் போடக்கூடாது', 'என் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது' போன்ற ஷரத்துகளை முன்கூட்டியே எழுதி வாங்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போது கையெழுத்திடுவது என்ற டைமிங்.

நான்கு பேரங்கள், நான்கு முடிவுகள்

லெவியான் பெல் (2018): பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் நட்சத்திர ரன்னிங் பேக். இரண்டாவது முறை டேக் போட்டபோது 1.45 கோடி டாலரை வேண்டாமென்று சொல்லி சீசன் முழுக்க ஆடவில்லை. மறு ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் 4 ஆண்டுகளுக்கு 5.25 கோடி தந்தது. 2020 அக்டோபரில், இரண்டாவது சீசனின் நடுவிலேயே நீக்கிவிட்டது. இழந்த 1.45 கோடி திரும்ப வரவே இல்லை.

கிர்க் கசின்ஸ் (2016-18): வாஷிங்டன் அணி இரண்டு முறை டேக் போட்டது. அவர் சண்டை போடவில்லை. 2016-ல் 1.995 கோடி, 2017-ல் 2.394 கோடி என்று வாங்கிக்கொண்டு ஆடினார். மூன்றாவது டேக் என்றால் 144% தரவேண்டும், அணிக்குக் கட்டுப்படியாகாது. சுதந்திரமானதும் மினசோட்டா வைகிங்ஸில் 3 ஆண்டு, 8.4 கோடி, முழுவதும் உத்தரவாதம். அணியின் ஆயுதத்தையே தன் சம்பள உயர்வாக்கிக்கொண்டார்.

டாக் பிரெஸ்காட் (2020-24): டல்லாஸின் குவார்ட்டர்பேக். 2020-ல் 3.14 கோடி டேக்கில் ஆடும்போது அக்டோபரில் கணுக்கால் எலும்பு முறிந்தது. எல்லாரும் பயந்த விபத்து அது. ஆனாலும் 2021 மார்ச்சில் 4 ஆண்டுகளுக்கு 16 கோடி கிடைத்தது. அதைவிட முக்கியம், இனி டேக் போடக்கூடாது, சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற ஷரத்துகள். 2024-ல் அவர் வெளியேறினால் டல்லாஸுக்குப் பதிலுக்கு வீரரும் இல்லை, சுமார் 4 கோடி டெட் மணி வேறு. விளைவு? சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு 4 ஆண்டுகளுக்கு 24 கோடி, ஆண்டுக்கு 6 கோடி. லீக்கின் உச்சம். அதில் 23.1 கோடி உத்தரவாதம்.

லமார் ஜாக்சன் (2023): ஏஜென்ட் இல்லாமல் தானே பேரம் பேசிய பால்டிமோர் ரேவன்ஸ் வீரர். 2019-ல் மிகச்சிறந்த வீரர் விருதை ஒருமனதாக வென்றவர். ரேவன்ஸ் போட்ட 3.24 கோடி டேக், மற்ற அணிகளுடனும் பேச அனுமதிக்கும் வகை. இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தால் எந்த அணியும் அவரை எடுத்திருக்கலாம். ஒரு அணிகூட ஆஃபர் வைக்கவில்லை. கடைசியில் ரேவன்ஸிலேயே 5 ஆண்டுகள், 26 கோடி, அதில் 18.5 கோடி உத்தரவாதம்.

ஏன் யாருமே ஜாக்சனைக் கேட்கவில்லை?

ஓராண்டு பின்னால் போகணும். 2022 மார்ச்சில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், டிஷான் வாட்சனுக்கு 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் கொடுத்தது. மற்ற உரிமையாளர்கள் அதிர்ந்தார்கள். இதுவே வழக்கமாகிவிட்டால் என்னாவது என்ற பயம். பிரவுன்ஸுக்கும் அது கசப்பாகவே முடிந்தது. பாலியல் அத்துமீறல் புகார்களுக்காக 2022-ல் 11 ஆட்டத் தடை, அடுத்தடுத்து காயங்கள். முதல் மூன்று சீசன்களில் வாட்சன் ஆடியது 19 ஆட்டங்கள். பணம் மட்டும் நிற்கவில்லை.

முழு உத்தரவாதத்தைத் தவிர்க்க அணிகள் கூட்டுச்சதி செய்தன என்று வீரர்கள் சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு ஜூனில்தான் வெளியே தெரிந்தது. உத்தரவாதத் தொகையைக் குறைக்கும்படி லீக் நிர்வாகம் 2022 மார்ச் கூட்டத்தில் அணிகளை ஊக்குவித்தது உண்மை என்றார் நடுவர். ஆனால் அணிகள் அதன்படி கூட்டுச் சேர்ந்து நடந்தன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்.

கேப் எல்லாருக்கும் சமம் என்பது விதி. அந்த வரம்புக்குள் எவ்வளவு உறுதியான பணம், எவ்வளவு காகிதப் பணம் என்பதுதான் நிஜமான போர்க்களம்.

பெரிய எண் எப்போதுமே பெரியதா?

இங்கே ஒரு சின்ன கணக்கு. ஒப்பந்தத்தின் ஆண்டு சராசரியை, அது கையெழுத்தான ஆண்டின் கேப்பால் வகுத்துப் பார்த்தோம்:

- பேட்ரிக் மஹோம்ஸ் (2020, ஆண்டுக்கு 4.5 கோடி): 22.7%
- டாக் பிரெஸ்காட் (2024, 6 கோடி): 23.5%
- பிராக் பர்டி (2025, 5.3 கோடி): 19%
- மைக்கா பார்சன்ஸ் (2025, 4.7 கோடி): 16.8%

மஹோம்ஸின் 10 ஆண்டு, 45 கோடி டாலர் ஒப்பந்தம் அன்று உலகச் செய்தி. ஆனால் அதே 4.5 கோடி, 2025 கேப்பில் 16.1%தான். தொகை அப்படியே நிற்க, கேப் ஏறிவிட்டது. அதனால்தான் 2023-லேயே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவர் ஒப்பந்தத்தை மாற்றி, 2023 முதல் 2026 வரையிலான நான்கு ஆண்டுகளில் 21.06 கோடி கிடைக்கும்படி செய்தது. ஏறும் சந்தையில் நீண்ட ஒப்பந்தம் அணிக்கு லாபம், குறுகிய ஒப்பந்தம் வீரருக்கு லாபம். டல்லாஸ் போல தள்ளிப்போடும் அணிக்கு விலை மட்டும் ஏறும்.

எல்லா ஸ்டாருக்கும் இந்த பலம் உண்டா?

இல்லை. பொசிஷன்தான் தலைவிதி. 2023-ல் குவார்ட்டர்பேக்குக்கான டேக் 3.24 கோடி. ரன்னிங் பேக்குக்கு சுமார் 1 கோடி. அதிக அடி வாங்கி சீக்கிரம் தேய்வது அவர்கள் உடம்பு. முதல் ஐந்து ஆண்டுகளின் உழைப்பை மலிவாக வாங்கிக்கொண்டு, பிறகு 'வயசாச்சு' என்று அணிகள் விலகிவிடுகின்றன. சாக்வான் பார்க்லி விதிவிலக்கு. நியூயார்க் ஜயன்ட்ஸில் டேக், பிறகு பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறி 2024-ல் 2,005 கெஜம் ஓடி சூப்பர் பவுலும் வென்ற பிறகே ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டினார்.

பார்சன்ஸ் விஷயத்தில் நடந்தது என்ன?

2021 டிராஃப்டில் 12-வது தேர்வு. முதல் நான்கு சீசன்களிலும் எதிரணி குவார்ட்டர்பேக்கை தலா 12 முறைக்குக் குறையாமல் மடக்கியவர். 2025-ல் ஐந்தாம் ஆண்டு விருப்ப உரிமையின்படி அவருக்கு 2.4 கோடி சம்பளம். அதற்கடுத்து டேக்கும் போடலாம். காகிதத்தில் எல்லா சீட்டும் டல்லாஸ் கையில்.

உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ், ஏஜென்ட்டை ஒதுக்கிவிட்டு பார்சன்ஸுடன் நேரடியாகப் பேசி, எல்லாம் முடிந்ததாகவே சொன்னார். ஏஜென்ட் வழியாக வாருங்கள் என்றது வீரர் தரப்பு. மாதக்கணக்கில் இழுத்தது. அதற்குள் மைல்ஸ் காரட் 4 கோடி, டி.ஜே. வாட் 4.1 கோடி என்று அதே வேலை செய்பவர்களின் ஆண்டு விலை ஏறியது. ஆகஸ்ட் 1-ல் பார்சன்ஸ் வேறு அணிக்கு மாற்றச் சொல்லி பகிரங்கமாக எழுதினார். முகாமில் இருந்தார், ஆடவில்லை. நான்கு வாரத்தில் கதை முடிந்தது.

2025 டிசம்பரில் டென்வரில் நடந்த ஆட்டத்தில் பார்சன்ஸின் முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. சீசன் அங்கேயே முடிந்தது. டல்லாஸின் 2.4 கோடியை வாங்கிக்கொண்டு 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று ஆடியிருந்தால், ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அடிபட்ட காலுடன் பேரத்துக்கு உட்கார்ந்திருப்பார். இப்போது 12 கோடி உறுதி.

அடுத்த முறை செய்தி வந்தால் எதைப் பார்க்கணும்?

- மொத்தத் தொகையை விடுங்கள். கையெழுத்தின்போதே முழு உத்தரவாதம் எவ்வளவு என்று பாருங்கள். காயத்துக்கு மட்டுமான உத்தரவாதம் அதோடு சேர்ந்து பெரிய எண்ணாகக் காட்டப்படலாம்.
- முதல் மூன்று ஆண்டுகளில் கைக்கு வருவது எவ்வளவு? அதுதான் பெரும்பாலும் உண்மையான ஒப்பந்தம்.
- எந்த ஆண்டில் டெட் மணியைவிட கேப் சுமை அதிகமாகிறது? அந்த ஆண்டிலிருந்து வீரர் வேலை ஆட்டம் காணும்.
- டேக் தடை, மாற்றத் தடை ஷரத்துகள் உண்டா? அடுத்த பேரத்தின் விதை அங்கே இருக்கிறது.
- டாலரை மட்டும் பார்க்காமல் கேப்பின் சதவீதத்தைப் பாருங்கள்.

53 பேர் கொண்ட அணியில் இப்படிப் பேரம் பேசும் பலம் நான்கைந்து பேருக்குத்தான். மீதிப் பேரில் பலரும் குறைந்தபட்ச சம்பளத்தில், உத்தரவாதம் இல்லாமல், அதே அடியை வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். கேப் ஒரே பானை. ஸ்டாருக்கு ஒரு கரண்டி கூடினால் பானையில் குறைவது அவர்கள் பங்கும்தான். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2030 சீசனோடு முடியும்போது, முழு உத்தரவாதத்தை யார் கேட்பார்கள், யாருக்காகக் கேட்பார்கள் என்பது வீரர்கள் சங்கத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய கேள்வி.